வலக்கை மேல் ஒரு வழக்கு

நவம்பர் 18, செவ்வாய்

இன்றைக்கு எங்கள் இயற்பியல் ஆய்வகத்தில் வடக்கு, கழிவறைப் பக்கம் இருந்தது.

வீட்டில் பழைய ஸ்பீக்கரைப் பிரித்ததில் ஒரு வட்டக் காந்தம் கிடைத்தது. கையில் காந்தம் இருக்கும்போது சும்மா இருக்க நான் என்ன மரக்கட்டையா? காலையில் முதல் ஆளாகப் போய் ஓரத்து மேசைக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினேன். அடுத்த பீரியடில் எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க திசை காட்டும் காம்பஸைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. முள் எல்லாம் அந்த மூலையையே முறைக்கிறது. முருகானந்தம் சார் ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தார், காம்பஸைப் பார்த்தார், மறுபடி வெயிலைப் பார்த்தார்.

"பூமி சரியாத்தான் இருக்கு. ஆஷ்லி, உன் காந்தத்தை எடு."

எப்படி சார் கண்டுபிடிச்சீங்க என்று கேட்டேன். "எல்லாரும் முள்ளைப் பார்த்தாங்க. நீ மட்டும் என் மூஞ்சியைப் பார்த்தே."

தண்டனை: இந்த வாரம் முழுக்க காம்பஸ் எல்லாவற்றையும் துடைத்து அடுக்க வேண்டும். நியாயம்தான். செய்தேன், வாங்கினேன். பக்கத்தில் ஃபெமினா சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கச் சிரித்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து என் சேட்டைகளுக்கு அவள்தான் நிரந்தர ரசிகை. அந்தத் தோள் குலுங்கினால் எனக்குக் கைதட்டல் தேவையில்லை.

நவம்பர் 21, வெள்ளி

காந்தப்புலத்துக்குள் ஓடுகிற துகளை விசை எந்தப் பக்கம் தள்ளும்? இன்றைய பாடம் இதுதான். ஃபிளெமிங் இடக்கை விதி. இடக்கு பண்ணுகிற எனக்கு இடக்கை விதி பிடித்ததில் ஆச்சரியமில்லை.

இடது கையின் மூன்று விரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக விறைத்துக்கொள்ள வேண்டும். சுட்டுவிரல் காந்தப்புலம் போகும் பக்கம். நடுவிரல் துகள் ஓடும் பக்கம். கட்டைவிரல் எந்தப் பக்கம் நிற்கிறதோ அந்தப் பக்கம் தள்ளு. இது புரோட்டானுக்கு. எலக்ட்ரான் எதிர் மின்னூட்டம் உள்ளது. அதனால் வந்த விடையை அப்படியே தலைகீழாக்க வேண்டும். மேலே என்று வந்தால் கீழே. வலம் என்று வந்தால் இடம்.

இதை நாங்கள் மறக்கக்கூடாது என்று சார் ஒரு வழி வைத்திருக்கிறார்.

"எலக்ட்ரான்னா?" என்று கத்துவார்.

"தோசை!" என்று நாற்பது பேரும் கத்தி, கையைத் திருப்ப வேண்டும்.

பக்கத்து வகுப்பில் வணிகவியல் நடத்திக்கொண்டிருந்த பானுமதி மிஸ் வந்து எட்டிப் பார்த்தார். "சார், இது லேபா, ஓட்டலா?"

நவம்பர் 24, திங்கள்

கண்டுபிடிப்பு! ஒன்றாம் நம்பர் பஸ்ஸில், காவிரிப் பாலத்தின் மேல்.

ஸ்ரீரங்கத்துக்கு வீடு திரும்பும்போது உட்கார இடம் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. இடது கை கம்பியில் தொங்கியது. வலது கைதான் காலி. சும்மா அதில் விரல்களை விறைத்துப் பார்த்தேன். இடக்கையில் மேலே காட்டிய கட்டைவிரல் வலக்கையில் கீழே காட்டுகிறது! இன்னொரு தடவை. இன்னொரு தடவை. எல்லாமே நேர் எதிர்! அப்படியானால் எலக்ட்ரானுக்கு எதற்கு இடக்கை? நேராக வலக்கையையே போட்டால் விடை தானாக வந்துவிடுமே!

முன்னால் நின்ற அக்கா, "என்ன பாப்பா, கை சுளுக்கிக்கிச்சா?" என்று கேட்டார். அறிவு சுளுக்கெடுத்துக்கொண்டிருக்கிறது அக்கா என்று சொல்லவில்லை. நினைத்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

சாரிடம் சொன்னேன். "கரெக்டுதான்மா. ஆனா பரிட்சையில ஏதாவது ஒரே வழியை வெச்சுக்க."

ஃபெமினாவிடம் சொன்னேன். "உன் கையை நீயே வெச்சுக்க. எனக்கு இடது கையே போதும். பரிட்சை நேரத்துல ரெண்டு கையும் வந்தா மூளை நடுவுல மாட்டிக்கும்."

கலிலியோவையும் இப்படித்தான் நடத்தினார்கள்.

டிசம்பர் 15, திங்கள்

பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. கோபத்தில். பயத்தில் இல்லை. கோபத்தில்.

இன்று அரையாண்டு இயற்பியல். ஆறாவது கேள்வி, ஒரு மதிப்பெண். எலக்ட்ரான் ஒன்று இடமிருந்து வலமாக ஓடுகிறது. காந்தப்புலம் காகிதத்துக்குள் போகிறது. விசை எந்தப் பக்கம்? (அ) காகிதத்தின் மேல்பக்கம் (ஆ) கீழ்ப்பக்கம் (இ) காகிதத்துக்கு வெளியே (ஈ) காகிதத்துக்குள்.

வலக்கையைத் தூக்கினேன். காகிதம் எதிரே சுவரில் ஒட்டியிருப்பதாக நினைத்துக்கொண்டேன். சுட்டுவிரல் முன்னால். நடுவிரல் வலப்பக்கம். கை முறுக்கிக்கொண்டு கட்டைவிரல் தரையைக் காட்டியது. எலக்ட்ரான்னா தோசை என்று மனசுக்குள் சொல்லி, எழுதி, அடுத்த கேள்விக்குப் போகத் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான் நடந்தது. ஆண்டவர் சத்தியமாக அவ்வளவுதான்.

ஆனால் அதே நேரத்தில் வலப்பக்க வரிசையில், ஒரு பெஞ்சு முன்னால், ஃபெமினாவும் அதே கேள்விக்கு இடக்கையைத் தூக்கியிருக்கிறாள். அறைக்குக் காவல் பானுமதி மிஸ். போன வருஷம் சீனியர் அக்காக்கள் விரல் காட்டி விடை சொல்லி மாட்டினார்கள். ஒரு விரல் அ, இரண்டு விரல் ஆ, மூன்று விரல் இ. அதிலிருந்து தேர்வறையில் விரலைப் பார்த்தாலே மிஸ்களுக்குக் கண் சிவக்கும். எங்கள் இரண்டு பேரிடமும் மூன்று மூன்று விரல்!

மிஸ் பூனை மாதிரி வந்து, என் விடைத்தாளைப் பிடுங்கி, அதுவரை எழுதியிருந்ததற்குக் கீழே சிவப்பில் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டார். ஃபெமினா தாளிலும் அதே. இரண்டு பேரின் கோடும் ஆறாவது விடைக்குக் கீழே.

"என்ன சிக்னல்?"

"சிக்னல் இல்ல மிஸ், எலக்ட்ரான்."

வகுப்பு சிரித்தது. நான் சிரிப்புக் காட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னேன்! என் வாயிலிருந்து உண்மை வந்தாலும் இவர்களுக்கு அது நகைச்சுவையாகத்தான் கேட்கிறது.

"எந்திரி. ரெண்டு பேரும் வெளிய."

மற்றவர்களும் அந்தக் கேள்விக்குக் கையைத் திருகிக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லாரும் பெஞ்சுக்கு அடியில் வைத்துத் திருகினார்கள். ஒளித்தவர்கள் நல்லவர்கள். ஒளிக்காதவர்கள் திருடிகள். கையைத் தூக்கினால் கைது!

ஃபெமினா வராண்டாவில் தூணில் சாய்ந்து, தன் இடக்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாருடைய கையோ என்பது போல.

டிசம்பர் 16, செவ்வாய்

தலைமையாசிரியை சிஸ்டரின் அறை. சிஸ்டர் நல்லவர்தான். நல்லவர்கள் கோபப்படாமல் தீர்ப்புச் சொல்வதுதான் தாங்க முடியாதது.

முருகானந்தம் சார் இருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவர் லால்குடியில் சிக்குன்குனியாவோடு படுத்திருக்கிறார். போனை அவர் மனைவி எடுத்து, "எந்திரிச்சு உக்காரவே முடியலைங்க சிஸ்டர்," என்றாராம்.

அதனால் நானே விளக்கினேன். ஃபிளெமிங், புலம், விசை, எல்லாம். சிஸ்டர் பாடப்புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைக் கண்டுபிடித்து, படத்தின் மேல் விரலை வைத்தார்.

"இதுல இடது கைதானே இருக்கு?"

"ஆமா சிஸ்டர்."

"நீ தூக்கினது?"

"வலது கை. அது வந்து சிஸ்டர், எலக்ட்ரானுக்கு..."

"பார்த்தீங்களா சிஸ்டர்," என்றார் பானுமதி மிஸ். "ஃபெமினா இடது கை, அது கூட புக்குல இருக்கு. இவளுது எந்த புக்குலயும் இல்ல. இவ கட்டைவிரலைக் கீழே காட்டறா, அவ மேலே காட்டறா. ஒருத்தி கேக்கறா, ஒருத்தி சொல்றா. நான் என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"குறுக்கு வழி மிஸ் அது!" என்றேன்.

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அந்த அறையில் எப்படி ஒலித்தது என்று தெரிந்தது. சிஸ்டர் புத்தகத்தை மூடினார்.

அப்போதே சொன்னேன்: எங்கள் தாள்களைத் திருத்துங்கள், பாருங்கள். நான் எழுதியது சரி. ஃபெமினாவும் சரியாகத்தான் எழுதியிருப்பாள். தெரிந்த பிள்ளைகள் எதற்குக் காப்பி அடிக்க வேண்டும்? அதற்கு சிஸ்டர் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன்: "சாட்சிக்கு வெச்ச தாளைத் திருத்தக்கூடாதும்மா." கவரில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்தாகிவிட்டது. நாங்கள் நிரபராதி என்று காட்டக்கூடிய ஒரே பொருளை, சாட்சி என்பதால் பார்க்க மாட்டார்களாம்!

சார் திரும்பி வந்ததும் முடிவு. அதுவரை இயற்பியலில் பூஜ்யம். குற்றம் உறுதியானால் நன்னடத்தைச் சான்றிதழில் எழுதுவார்கள்.

எனக்கென்ன, என் நடத்தையைப் பற்றி ஊரே எழுதலாம். ஃபெமினா நர்சிங் சேர சிஸ்டர்தான் சிபாரிசுக் கடிதம் தர வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான். இன்று சிஸ்டர் அவளைப் பார்த்து, "உங்கிட்ட நான் எதிர்பார்க்கல," என்றார். என்னைப் பார்த்து அதைக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் எதிர்பார்த்திருக்கிறார் போல.

டிசம்பர் 17, புதன்

அம்மாவைப் பள்ளிக்கு வரச் சொன்னார்கள். போய்விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கடைசியா ஒரு தடவை கேக்கறேன். நிஜமா இல்லையா?"

"இல்லம்மா."

"காம்பஸ்ல காந்தம் வெச்சது?"

"அது நிஜம்."

"போன வருஷம் அசெம்பிளியில கிறிஸ்துமஸ் தாத்தா குரல்ல மைக்ல பேசினது?"

"அதுவும் நிஜம்."

"இது மட்டும் இல்ல."

"இது மட்டும் இல்லம்மா!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை விளக்க எந்தக் கை விதியும் இல்லை. அப்பா ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் டிக்கெட் கவுண்டரில் இருப்பவர். தினமும் ஆயிரம் பேர் சொல்லும் காரணங்களைக் கேட்டுப் பழகியவர். "பாப்பா, நான் உன்னை நம்பறேன்," என்றார். அதை அவர் சில்லறை இல்லை என்று சொல்கிற அதே குரலில் சொன்னார்.

செய்த சேட்டைக்கெல்லாம் தண்டனை வாங்கியாகிவிட்டதே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வாங்கினேனே. அதையெல்லாம் சேர்த்து இன்னொரு தடவை எதற்கு?

டிசம்பர் 18, வியாழன்

விசை எந்தப் பக்கம் என்று பார்த்தேன். விசாரணை என் பக்கம் வந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை.

டிசம்பர் 20, சனி

ஃபெமினா போன் செய்தாள். மன்னார்புரம் கடைத்தெருவிலிருந்து, அவள் அம்மா காய்கறி வாங்கிக்கொண்டிருந்த இடைவெளியில். பின்னால் பஸ் ஹாரன்.

"அம்மா உங்கூட பேசக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சத்தியமா சொல்லு. நீ எனக்கு எதுவும் காட்டலையே?"

"லூசாடீ நீ?"

"இல்ல ஆஷ்லி, நீ சும்மா விளையாட்டுக்குக் கூட... பானுமதி மிஸ்ஸைக் கடுப்பேத்தலாம்னு..."

"இல்லடீ!"

"சரி. நீ எது செஞ்சாலும் நான் சிரிச்சிருக்கேன். இது விளையாட்டா இருந்தா எனக்குச் சிரிப்பு வராது. அதான் கேட்டேன்."

வைத்துவிட்டாள்.

மிஸ் நம்பவில்லை, பரவாயில்லை. சிஸ்டர் நம்பவில்லை, சரி. அம்மாவே நம்பவில்லை, போகட்டும். இவ எப்படிக் கேக்கலாம்? என் பக்கத்துல உக்காந்து ஏழு வருஷம் சிரிச்சவ, எனக்கு எது விளையாட்டு, எது இல்லைன்னு தெரியாதா இவளுக்கு? எனக்குத்தான் தெரியுமே, இவ தோள் குலுங்கினா சிரிப்பா, அழுகையான்னு!

போனை மெத்தையில் எறிந்தேன். தரையில் எறிய முடியாது. கோபத்திலும் அந்த அளவு இயற்பியல் நினைவிருக்கிறது.

டிசம்பர் 23, செவ்வாய்

கடைசித் தேர்வு, கணிதம். மறுபடியும் பானுமதி மிஸ். உள்ளே போகும்போதே, "ரெண்டு கையும் மேசை மேல தெரியணும்," என்றார். ஒரு கையால் எழுதினேன். இன்னொரு கையை மேசை மேல் மல்லாக்க விரித்து வைத்தேன், கைரேகை பார்க்கக் கொடுத்தது போல. மிஸ் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். மூன்று மணி நேரம் அந்தக் கையை அசைக்கவில்லை. இது சேட்டை இல்லை. சத்தியாக்கிரகம்.

டிசம்பர் 25, வியாழன்

மேலப்புதூர் கோயிலில் கிறிஸ்துமஸ் பூசை. சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வந்தது. எல்லாரும் எல்லாப் பக்கமும் திரும்பிக் கும்பிடுகிறார்கள். ஃபெமினா இரண்டு வரிசை தள்ளி. அவளும் திரும்பினாள், கை கூப்பினாள். என்னைத்தான். ஆனால் கண் என் தலைக்கு மேலே எங்கேயோ இருந்தது. நானும் கூப்பினேன்.

கேக் இந்த வருஷம் நன்றாக இல்லை. அம்மா அதே மாதிரிதான் செய்தாளாம்.

டிசம்பர் 30, செவ்வாய்

சொர்க்கவாசல் திறப்பு. ஊர் முழுக்கத் தலை. அப்பா நேற்றே கவுண்டருக்குப் போனவர் இன்னும் வரவில்லை. பால் வாங்க வந்த நான் தெருமுனையில் அரை மணி நேரம் நின்றேன். அங்கே ஒரு போலீஸ் அக்கா தனியாக நின்று கூட்டத்தை விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையைத் தூக்குகிறார், அத்தனை கூட்டமும் நிற்கிறது. கையைத் திருப்புகிறார், அத்தனை கூட்டமும் போகிறது. யாரும் "எந்தக் கை, புக்கில் இருக்கா?" என்று கேட்கவில்லை.

கைக்குள்ள மரியாதை யார் கை என்பதில்தான் இருக்கிறது போல.

பாலோடு திரும்பி வந்து உட்கார்ந்து சிஸ்டருக்கு ஒரு மனு எழுதினேன். முதல் பிரதியில் "அநீதி" ஒன்பது இடத்தில் இருந்தது. அம்மா படித்துவிட்டு, "ஒண்ணு போதும்," என்றாள். கடைசிப் பிரதியில் ஒரே கோரிக்கை: "தாள்களை முருகானந்தம் சார் எங்கள் எல்லோர் முன்னிலையிலும் திருத்தட்டும். ஆறாவது வினாவுக்கு நான் எழுதிய விடை சரியாக இருக்கும். அது தவறு என்றால் எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன்."

கடைசி வரிக்குக் கீழே இரண்டு தடவை கோடு போட்டேன். தவறாக இருக்க வாய்ப்பே இல்லை.

ஜனவரி 5, திங்கள்

எங்கிருந்து ஆரம்பிப்பது.

சார் வந்துவிட்டார். கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்தார். சிஸ்டர் என் மனுவைப் படித்துக் காட்டினார். "தைரியமா எழுதியிருக்கா," என்றார் சார். "பிரிச்சுடுங்க சிஸ்டர்." ஃபெமினா கதவோரம் நின்றாள். பானுமதி மிஸ் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான்தான் அந்த அறையில் நிம்மதியாக நின்ற ஒரே ஆள்.

கவர் கிழிந்தது. சார் முதலில் ஃபெமினா தாளைப் பார்த்தார். "ஆறு, ஆ. கீழ்ப்பக்கம். சரி."

நான் பானுமதி மிஸ்ஸைப் பார்த்தேன். ஜெயித்தவள் பார்க்கிற பார்வை.

சார் என் தாளை எடுத்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆறு, அ. மேல்பக்கம்," என்றார். "தப்பு."

"இல்ல சார்!" என்றேன்.

"இதோ இருக்கு பாரும்மா. உன் கையெழுத்து. கீழே மிஸ்ஸோட சிவப்புக் கோடும் இருக்கு."

எட்டிப் பார்த்தேன். அ. கொட்டை எழுத்தில். எந்தத் தண்டனையையும் ஏற்கிறேன் என்று இரண்டு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேனே!

"எந்தக் கையைப் போட்டே?"

"வலக்கை சார்."

"கட்டைவிரல் எந்தப் பக்கம்?"

"கீழே."

"அதோட விட்டிருக்கணும்." சார் சிரிக்க ஆரம்பித்தார். வலியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "சிஸ்டர், எலக்ட்ரானுக்கு வலது கை போடறது சரிதான். அதைப் போட்டாலே விடை திரும்பிடும். இவ அதுக்கு மேலே பழக்க தோஷத்துல இன்னொரு தடவை திருப்பியிருக்கா."

சிஸ்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சிவப்புக் கோடுகளைப் பார்த்தார்.

"அப்போ கீழே காட்டினவ மேலேன்னு எழுதியிருக்கா. மேலே காட்டினவ கீழேன்னு எழுதியிருக்கா." மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். "மூணு விரல்னா இ தானே, பானுமதி? ரெண்டு பேர்ல யாருமே இ எழுதல. யார் யாருக்கு என்ன சொன்னா?"

மிஸ் தாள்களை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். "நான் பார்த்ததைத்தான் சொன்னேன் சிஸ்டர்," என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

முடிந்தது. சான்றிதழில் ஒன்றும் எழுத மாட்டார்கள். இரண்டு பேருக்கும் வெள்ளிக்கிழமை மறுதேர்வு. சிஸ்டர் என் மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த தடவை கடைசி வரியை யோசிச்சு எழுது."

யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. ஒரு "சாரி"? அதுவும் இல்லை. மூன்று வாரம் என்னைத் திருடி என்று வைத்திருந்தார்கள். இன்று முட்டாள் என்று தெரிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜனவரி 6, செவ்வாய்

பஸ்ஸில், பாலத்தின் மேல், வலக்கையை விறைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் கீழே. அங்கேயே விடை. நான்தான் கேட்கவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. நான் மட்டும் சரியாக எழுதியிருந்தால்? இரண்டு தாளிலும் ஆ. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கியிருக்கிறோம். சிவப்புக் கோடு இரண்டும் ஒரே இடத்தில். செத்திருப்போம்! "தாளைத் திருத்துங்கள், நாங்கள் இரண்டு பேரும் சரி" என்று தொண்டை கிழியக் கத்தினேனே, அது அப்படியே நடந்திருந்தால் ஃபெமினாவின் நர்சிங்கை நானே குழி தோண்டிப் புதைத்திருப்பேன். என் நியாயம் எங்களைக் காப்பாற்றவில்லை. என் தப்பு காப்பாற்றியது. இது என்ன நியாயம்? எனக்கு இன்னும் கோபம்தான். யார் மேல் என்பதில் மட்டும் கொஞ்சம் குழப்பம்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஃபெமினா வந்து டிபன் டப்பாவைத் திறந்து என் பக்கத்தில் வைத்தாள். உள்ளே தோசை.

"வேணும்னே கொண்டு வந்தியா?"

"அம்மா சுட்டது. உங்கூட சாப்பிடப் போறேன்னு சொன்னேன். ஒண்ணு சேர்த்து வெச்சாங்க." டப்பா மூடியை எடுத்து மல்லாக்க வைத்தாள். "உன்னைப் போய் கேட்டேன் பாரு."

"கேட்டிருக்கக் கூடாது."

"கூடாது," என்றாள். பிறகு, "ஏன்டீ, ஒரு தோசையை யாராவது ரெண்டு தடவை திருப்புவாங்களா?"

நான் இன்னும் கோபமாக இருப்பதாகக் காட்டிக்கொண்டேன். இரண்டு தோசைதான் சாப்பிட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

மறுதேர்வு. நூலகத்தில், இந்தக் கோடி மேசையில் நான், அந்தக் கோடி மேசையில் ஃபெமினா. நடுவில் நாற்காலி போட்டு, வேறு யார், பானுமதி மிஸ்.

முருகானந்தம் சாருக்குக் கொழுப்பு அதிகம். முதல் கேள்வியே எலக்ட்ரான். படித்துவிட்டுப் பேனாவை வைத்தேன். கைகள் இரண்டும் மேசை மேல் கிடந்தன. தூக்கவில்லை. அந்தக் கோடியில் ஃபெமினாவும் தூக்காமல் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

மிஸ் என்னைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி என்னை.

"என்ன?"

"முதல் கேள்வி மிஸ். கை வேணும்."

மிஸ் எழுந்தார். நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். வெளியே மைதானத்தில் ஒன்றுமே இல்லை. அதையே கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

வலக்கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். இடக்கையைத் தூக்கினேன். நன்றாக, தலைக்கு மேலே. சுட்டுவிரல், நடுவிரல், கட்டைவிரல். ஒரே ஒரு தடவை திருப்பினேன்.

அந்தக் கோடி மேசையில் ஒரு சத்தமும் இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.